வாடகைக் காரில் பெண் பார்க்கப் போனது

புத்தூர்
20-2-2000

கண்ணு சுதீருக்கு, அம்மா ஜெயம்மா மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, அந்த ஹாலந்துக் குளிர் கொஞ்சமாவது விட்டதா என்பதுதான் தினமும் எங்கள் பேச்சு.

நீ பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவன். திருத்தணியில் பத்தாவது படித்த என் தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வேண்டும். அதனால் கொட்டை கொட்டையாக எழுதுகிறேன். பாதியில் அலுத்துப்போய் மடித்து வைத்துவிடாதே. போனில் பேசலாமே என்பாய். போன் வந்தால் உன் நைனா என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார். எனக்கு மிஞ்சுவது துன்னியா, தூங்கினியா என்று கேட்கிற நேரம்தான்.

மாமரங்கள் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கின்றன. ரோட்டை அகலமாக்குகிறோம் என்று நம் தோட்டத்துக்கு எதிரே இருந்த புளியமரங்களை வெட்டித் தள்ளிவிட்டார்கள். வண்டி அப்படிப் பெருத்துவிட்டது. நம்மிடம் கரும்பு வெட்ட வருகிறவர்கள்கூடத் தவணையில் டிவிஎஸ் வாங்கி வரப்பு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் போட்டோ வந்தது. கவரைப் பிரிக்கும்போது எதிர்வீட்டுக் கல்பனா கூடவே உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டில் என் பிள்ளை எப்படி இருக்கிறான் பார் என்று நான் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் கையில் கொடுத்தேன். அதில் நீ மழைக்கோட்டும் குல்லாயுமாக ஒரு கறுப்புச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். சைக்கிளுக்கு முன்னால் ஒரு கூடை வேறு. கல்பனா பார்த்துவிட்டு, 'இன்னா ஆண்ட்டி, அங்க பேப்பர் போடறாரா' என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போட்டோவைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நீ எழுதியிருப்பதையும் வாசித்தேன். அங்கே ஜட்ஜும் டாக்டரும்கூடச் சைக்கிளில்தான் போகிறார்கள், சைக்கிளுக்கென்று சிவப்புப் பாதை தனியாக இருக்கிறது, அம்மாக்கள் ஒரு குழந்தையை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் உட்காரவைத்து மிதிக்கிறார்கள், புகை இல்லை, இரைச்சல் இல்லை, கால்வாய் ஓரமாகவே மிதித்து ஆபீஸ் போய்ச் சேரும்போது மனசைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் அந்த ஜட்ஜின் அம்மா புத்தூரில் குடியிருக்கவில்லை. நான் குடியிருக்கிறேன்.

உன் நைனா, 'சைக்கிள் மிதிக்கறதுக்கு இன்னாத்துக்கு ஏரோப்பிளேன் ஏறினான், இங்கயே மிதிச்சிருக்கலாமே' என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. உனக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிற அண்ணாதுரை மாமாவும் அதையே சொல்கிறான். ஃபாரின் மாப்பிள்ளை என்றதும் ஜனங்கள் முதலில் கேட்பது, என்ன கார் வைத்திருக்கிறார் என்பதுதானாம். அவன் என்ன பதில் சொல்வான், கூடை வைத்த சைக்கிள் என்றா?

அதனால் அம்மா கேட்கிறேன். செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கார் வாங்கு. அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற எண்ணம் உனக்கு இருந்தால் இதைச் செய். அதுவரை மழையில் நனையாதே, தலையைத் துவட்டிக்கொள்.

உன் நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ஜெயம்மா


புத்தூர்
28-6-2000

அன்பு மகன் சுதீருக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். நீ அனுப்பிய சாக்லேட் உருகாமல் வந்து சேர்ந்தது. காய் இறக்கி முடித்தாயிற்று. நைனாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தைலம் தடவிக்கொள்ளச் சொன்னால்தான் கோபம் வருகிறது. போர் தண்ணீர் குறையவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறேனே தவிர, எழுத வந்ததை எழுதக் கை வரவில்லை. ஏற்கனவே ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஆடி பிறப்பதற்குள் பெண் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணாதுரை மாமா துரத்தினான். பெண்ணின் பெயர் ரூபா. கார்வேட்டிநகரம் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவர்கள் ஊர். அப்பா வீராசாமி, நம்மைப் போலவே நிலம் வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம். பெண் எம்எஸ்ஸி முடித்து, திருப்பதியில் காற்றைச் சோதிக்கிற ஒரு ஆபீசில் வேலை செய்கிறாள். நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அவர்கள் ஊருக்குக் கொஞ்ச நேரத்தில் போய் இறங்கிவிடலாம். ஆனால் ஹாலந்து மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் பஸ்ஸில் போய் இறங்குவதா? நைனாவும் மாமாவும் ரேணிகுண்டாவிலிருந்து ஒரு வெள்ளை ஏசி காரை வாடகைக்கு வரவழைத்தார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேனா என்றால், சொல்லவில்லை. பட்டுப்புடவை கசங்காமல் போகலாம் என்று சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தேன்.

உனக்குத் தெரியும், பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னல் ஓரம் வேண்டும். காரில் கண்ணாடியை இறக்கக் கூடாது, ஏசி வீணாகும் என்றார்கள். உள்ளே ஏதோ சென்ட் வாசனை, சீட்டு நாற்றம், போதாததற்கு என் தலையில் இருந்த மல்லிகை. காலையில் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்ட எலுமிச்சை சாதம் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கமாக இருந்தது. காரையே பார்க்காத பட்டிக்காடு என்று டிரைவர் நினைத்துக்கொள்வான் என்று கர்சீப்பை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர்கள் ஊருக்குத் திரும்புகிற வளைவில் வண்டி மெதுவாகி ஒரு குலுங்கு குலுங்கியது. அதற்கு மேல் முடியவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்துவிட்டேன்.

வெளியே ஒருவர் சைக்கிளில் காரை ஒட்டியே வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. எல்லாம் அவர் மேலேயே விழுந்தது, தோளிலிருந்து மடி வரைக்கும். அவர் தடுமாறிக் காலை ஊன்றிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை, போய்விட்டோம்.

பெண் வீட்டில் போய் இறங்கினால், வீராசாமி இல்லை. அவர் சம்சாரம் வாசலுக்கு வந்து, 'உங்களுக்கு வழி காட்டணும்னு சைக்கிள எடுத்துகினு ரோட்டாண்ட போனாரே, நீங்க பாக்கலியா' என்று கேட்டார்கள். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்துவிட்டது. நைனாவும் மாமாவும் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு பாக்கலியே என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் எவருடைய மோட்டார் பம்பிலோ குளித்திருக்க வேண்டும். தலை சொட்டச் சொட்ட, சட்டையைப் பிழிந்து மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தார். துணியெல்லாம் மஞ்சள் கறை. வாங்க வாங்க என்று கும்பிட்டு, 'காரு இன்னா வேகம், நம்ம சைக்கிளால புடிக்க முடியல' என்று சிரித்தார். சம்சாரம் சட்டையைக் காட்டி என்ன என்று கேட்டதற்கு, கால்வாயில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தவர், எல்லோருக்கும் காபி வந்தபோது மட்டும், 'அவங்களுக்கு காபி வேணாம், மோர்ல உப்பு போட்டு எடுத்தா. காரு சில பேருக்கு ஒத்துக்காது' என்று சொன்னார். அந்த மோரை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு ரூபா வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். மாநிறம், சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது. காற்றைச் சோதிப்பது என்றால் என்னம்மா என்று கேட்டேன். எழுந்துபோய்ப் பையிலிருந்து இரண்டு தாள்களைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்று புதுசு, பால் வெள்ளை. இன்னொன்றைத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் மெஷினில் ஒரு நாள் வைத்து எடுத்தாளாம். அடுப்புக்கரியைப் பூசின மாதிரி இருந்தது. 'பஸ்ஸு, காரு, ஆட்டோ எல்லாம் உடற பொகை அத்தை, இதுதான் நம்ம நெஞ்சுக்குள்ள போவுது' என்றாள். அவள் ஹாஸ்டலிலிருந்து ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போகிறாளாம். கைநிறையச் சம்பாதிக்கிற பெண்ணுக்கு ஒரு ஸ்கூட்டி கூடவா இல்லை என்று உன் நைனா சிரித்தார். அவள் மரியாதையாகவே, 'தெனம் இத அளந்துகினு, நானே பொகை உட்டுகினு போனா நல்லாவா இருக்கும் மாமா' என்றாள்.

அப்புறம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நீ ஆபீசுக்கு எதில் போகிறாய் என்று. நீ எழுதின சிவப்புப் பாதையும் கால்வாயும் எனக்கு நாக்கு நுனியில் நின்றன. அதற்குள் நைனா, கார்தான், கம்பெனியே கொடுத்திருக்கிறது என்றார். ஆபீஸ் தூரமா என்று கேட்டாள். பக்கம்தான், ஆனால் மழை ஊர் ஆயிற்றே என்றார். நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். சிவப்புக் கார் என்றேன். நிறத்தை யார் கேட்டார்கள்? அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அந்த இரண்டு தாள்களையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வீராசாமி டிரைவரிடம் வந்து, 'ஜன்னல தொறந்து வெச்சே ஓட்டுப்பா, அம்மாவுக்கு காத்து வேணும்' என்று சொல்லி அனுப்பினார். நான் கையைக் கூப்பினேன். வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம், வழியில் நனைந்தவர் அவர்தான் என்று சொன்னேன். 'அவரே ஒண்ணும் சொல்லல, நீ இன்னாத்துக்கு கெளர்ற' என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன். சாமி கும்பிடப் போனாலும் அந்த மஞ்சள் கறைதான் முன்னால் வருகிறது. உனக்கு ஒரு வேண்டுகோள், கண்ணு. அங்கே சைக்கிளில் போகிறபோது காரை ஒட்டிப் போகாதே. உள்ளே எப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாது.

அன்புள்ள அம்மா,
ஜெயம்மா


புத்தூர்
16-7-2000

என் செல்ல மகன் சுதீருக்கு, அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், அப்படியே வைத்துக்கொள். நேற்று சாயந்திரம் நீ போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் ஏன் சந்தோஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்று நினைத்திருப்பாய். நைனா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் இருந்தார் என்பதும் ஒரு சாக்குத்தான். ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

போன வாரம் பெண் வீட்டிலிருந்து பதில் வந்தது. வீராசாமி நேராக அண்ணாதுரை மாமாவின் கடைக்கே வந்து, 'பொண்ணு வேணாங்குது, நான் கட்டாயப்படுத்த மாட்டேன், தப்பா நெனைச்சுக்காதீங்கோ' என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமா ஓடிவந்து சொன்னதும் நைனா குதித்தார். வாடகைக் கார் என்று நம்பர் பிளேட்டைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள், சொந்தக் காரில் போயிருந்தால் இப்படிச் சொல்லத் துணிவார்களா என்றார். மறுநாளே மாமாவைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போய்க் காருக்குக் கடன் கொடுக்கிற இடங்களை விசாரித்துவிட்டு வந்தார். அவருக்கு விஷயம் புரியவில்லை. எனக்குப் புரிந்திருந்தது. அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னது, நாங்கள் இல்லாததைச் சொல்லிச் செய்த உன்னை. நிஜமான உன்னை அவள் கேள்விப்படவே இல்லை.

நகரியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று நைனாவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கார்வேட்டிநகரம் பஸ் ஏறினேன். அந்த வளைவில் இறங்கி நடந்தேன். எதிரே வீராசாமியே கேரியரில் புல்லுக்கட்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி, வீட்டுக்கு வாங்கம்மா என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தார். வீட்டில் அவர் சம்சாரத்துக்கு எதிரில் எனக்குத் தைரியம் வராது என்று ரோட்டிலேயே தொடங்கிவிட்டேன். அண்ணா, அன்றைக்கு உங்கள் மேல் என்று ஆரம்பிப்பதற்குள், 'பர்வாலேதும்மா, பரவாயில்ல, வாந்தி யார் கையில இருக்குது, நான்கூட பஸ்ல எடுத்திருக்கேன்' என்றார். ஒருவரிடமும் சொல்லவில்லையாம், மகளிடம்கூட. அதோடு நிறுத்தாமல், 'டிரைவரு கவனிக்கல போல, அதான் போய்ட்டான்' என்று எனக்கு வழியும் செய்து கொடுத்தார்.

அந்த வழியிலேயே நான் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். போன கடிதத்தில் உனக்குக்கூட வண்டி நிற்கவில்லை என்றுதானே எழுதினேன். வண்டி நின்றது, சுதீர். டிரைவர் கவனித்தான், பிரேக்கைப் போட்டான், கதவில்கூடக் கையை வைத்தான். நான்தான், 'சைக்கிள்காரன்தானே, எறங்கினா வம்புக்கு வருவான், நீ போப்பா' என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அதே இடத்தில் ஒரு கார் மேல் பட்டிருந்தால் இறங்கி மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

இதற்கு அவர் பர்வாலேது என்று சொல்லவில்லை. புல்லுக்கட்டு சரிந்ததை நின்று இழுத்துக் கட்டினார், மறுபடியும் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர் எல்லை வரும்போது, 'இத நீங்க சொல்லியிருக்க வேணாம், சொல்லிட்டீங்க' என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

வந்தது வந்தாயிற்று என்று இன்னொன்றையும் சொன்னேன். என் பிள்ளைக்குக் கார் கிடையாது, ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போகிறான், நாங்கள் சொன்னது பொய் என்று. அவர் நின்றுவிட்டார். 'அத மறைக்கறதுக்கு இன்னாம்மா இருக்குது' என்று கேட்டார். வெட்கமாக இருந்தது அண்ணா என்றேன். அவர் தன் சைக்கிளை ஒரு தடவை பார்த்தார். நான் சொன்ன வார்த்தை அவரையும் சேர்த்துத்தான் என்பது வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் அதையும் விட்டுவிட்டு, எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம், ரூபாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்று ஆபீஸ் இருக்கிற இடத்தைச் சொல்லி அனுப்பினார்.

நேற்றுக் காலை திருப்பதிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டின கட்டிடத்து மொட்டைமாடியில் இருந்தாள். தகரக் கூரை போட்ட பெட்டி மாதிரி ஒரு மெஷின் ஹோவென்று இரைந்துகொண்டிருந்தது. கீழே பஸ்களும் ஜீப்புகளும் மலைக்குப் போகிற ஜனங்களுமாக ஒரே புகை. என்னைப் பார்த்துப் பதறிப்போய் அவளுடைய ஸ்டூலை எனக்குப் போட்டாள். மெஷின் சத்தத்தில் எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வெட்கப்பட்டதை ரகசியமாகச் சொல்லக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவள் அப்பா மேல் வாந்தி எடுத்ததைச் சொன்னேன், கண்ணாடியை ஏற்றினதைச் சொன்னேன், சிவப்புக் கார் என்று நான் புளுகினதைச் சொன்னேன். அப்பா விஷயத்தைக் கேட்டபோது அவள் கண் கலங்கிவிட்டது. திரும்பி நின்று மெஷினில் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

அப்புறம் அவளாகவே, 'அவருக்கு சைக்கிள்னா வெட்கமா அத்தை' என்று கேட்டாள். அவனுக்கு இல்லை, எங்களுக்குத்தான் என்றேன். நீ எழுதினதில் ஞாபகம் இருந்ததையெல்லாம் சொன்னேன், ஜட்ஜு, சிவப்புப் பாதை, கால்வாய், மனசைக் கழுவிவிட்ட மாதிரி என்றது. கூடையைச் சொன்னபோது சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'சரி அத்தை, பேசிப் பாக்கலாம். சைக்கிள்ல போறார்ன்றதுக்காக சொல்லல, நாளைக்கு அவரும் காரு வாங்கலாம், யாரு கண்டா. நீங்க பஸ் ஏறி வந்து உள்ளத சொன்னீங்களே, அதுக்காக' என்றாள். பொங்கலுக்கு நீ வரும்போது பேசிப் பார்க்கலாம், அதற்கு முன்னால் எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதட்டும் என்று ஹாஸ்டல் விலாசத்தையும் கொடுத்தாள். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பைத்தியக்காரி மாதிரி எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். என் பிள்ளைக்கு நல்ல பெண்ணைக் கெடுத்தேன், நானே மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குள் கால் வைக்கும்போது நைனா போனை நீட்டி, 'வா வா, புள்ள பேசறான், காரு வாங்கிட்டானாம்' என்றார். நீ, 'அம்மா, நீ கேட்ட மாதிரி வாங்கிட்டேன், சைக்கிள வித்துட்டேன், இனிமே தெருவுல தலை நிமிர்ந்து நட' என்று சொன்னாய்.

சைக்கிளில் சீக்கிரம் போன இடத்துக்கு இப்போது சிக்னல் சிக்னலாக நின்று போக வேண்டியிருக்கிறது, காரை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியிருக்கிறது, பழகிவிடும் என்றும் சொன்னாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? பிடிக்காத சட்டையை நான் வாங்கி வந்தபோதெல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்வாயே, அந்தக் குரல். நைனா தெருவெல்லாம் லட்டு கொடுத்துவிட்டு வந்தார். கல்பனாவுக்கு இரண்டு. நானும் போட்டோ வந்ததும் காட்டுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன்.

என் இரண்டாவது கடிதம் உனக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது. அது வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதில் அத்தனை எழுதினேன், கார் வேண்டாம் என்று ஒரு வரி எழுதவில்லை. எழுத நினைத்தேன், எழுதவில்லை. கேட்டதை வாங்கிக்கொள்கிற ஆசை எனக்கு அப்போதும் விடவில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மறுபடியும் திருப்பதிக்குப் போகிறேன். அந்த மாடியில் ஏறி, அன்றைக்குக் காலையில் நான் அவளிடம் சொன்ன உண்மை சாயந்திரத்துக்குள் உண்மையாக இல்லாமல் போய்விட்டது என்று ரூபாவிடம் சொல்ல வேண்டும். ஏன் வாங்கினார் என்று கேட்பாள். என் பெயரைச் சொல்வேன். நம்புவாளா, இந்தக் குடும்பமே வேண்டாம் என்பாளா, தெரியவில்லை. வேண்டாம் என்றால் அது உன்னால் இல்லை, என்னால். அதை மட்டும் நீ மனசில் வைத்துக்கொள்.

காரை விற்றுவிடு என்று உனக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு தடவை கேட்டு உன் சந்தோஷத்தைப் பிடுங்கினது போதும். மழையோ வெயிலோ, உன் மனசுக்கு எது சரியோ அதில் போ. எனக்காக ஒன்றில் ஏறாதே, எனக்காக ஒன்றிலிருந்து இறங்கவும் வேண்டாம். ரூபாவுக்கு எழுதினால் உள்ளதை எழுது. அம்மாவைக் காப்பாற்றி எழுதாதே.

காரிலேயே போவதானால் அம்மாவுக்கு ஒரே ஒரு வாக்குக் கொடு, சாமி. உன்னால் ரோட்டில் யாருக்காவது ஏதாவது ஆனால், அவர் யாராக இருந்தாலும், பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டு போ போ என்றாலும், நீ வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். நல்லா இரு.

உன் அம்மா,
ஜெயம்மா